சுண்டலுக்குக் கிடைத்த சிரிப்பு

அஸ்தினாபுரத்தில் அம்மா வீட்டில் பிரசவ ஓய்வு முடிந்து, நான்கு மாதக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஜெனி முடிச்சூர் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். அவளை வரவேற்க முதலில் ஓடி வந்தது ஒரு நாய்க்குட்டி. வேகவைத்த கொண்டைக்கடலையின் நிறம். ஒரு காது நிமிர்ந்தும் இன்னொன்று மடிந்தும் இருந்தது. வெள்ளத்துக்குப் பயந்து வீட்டு உரிமையாளர் உயர்த்திக் கட்டியிருந்த படிகளில் அது உருண்டு விழுந்து, எழுந்து, அவளுடைய துப்பட்டாவைக் கவ்விக்கொண்டு தொங்கியது.

"டேய் சுண்டல், விடுடா. அம்மா வந்திருக்காங்க பாரு," என்றான் அவள் கணவன் ஃபிரெடி.

அம்மா என்று அவன் யாரைச் சொல்கிறான் என்பது ஜெனிக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது.

நாய்க்குட்டி இருப்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஃபிரெடி திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் சூப்பர்வைசர். மழையில் நனைந்து இரும்புக் கழிவுகளுக்கு நடுவில் கத்திக்கொண்டு கிடந்ததைத் தூக்கி வந்ததாகப் போனில் சொல்லியிருந்தான். "யாராவது கேட்டா குடுத்துடறேன்," என்றும் சொன்னான். தையல் வலியும் பால் கட்டிக்கொண்ட வலியுமாக இருந்த அந்த நாட்களில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது பார்த்தால், வரவேற்பறையில் குட்டிக்கென்று ஒரு மெத்தை, ஒரு தட்டு, கழுத்துக்குச் சிவப்புப் பட்டை. குழந்தை எபிக்குத் தூளி கட்ட மட்டும் இன்னும் கொக்கி மாட்டியிருக்கவில்லை.

"நாளைக்கு ஆளைக் கூப்பிட்டு மாட்டிடலாம் ஜெனி," என்றான் ஃபிரெடி.

மாட்டினான். ஆனால் சேலையில் கட்டிய அந்தத் தூளிதான் சுண்டலுக்குப் பிடித்த விளையாட்டுப் பொருளானது. கீழே தொங்கும் முந்தானையைப் பல்லால் பிடித்துப் பின்னால் இழுக்கும். தூளி ஒரு பக்கமாகச் சாயும். ஜெனி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வருவாள். கொடியில் காயும் குழந்தைத் துணிகளை உருவி, கட்டிலுக்கடியில் கொண்டுபோய்ச் சேர்த்து வைத்துக்கொள்ளும். குழந்தையைத் தூங்கவைத்து அவள் அப்போதுதான் முதுகைச் சாய்த்திருப்பாள், தெருவில் போகிற ஐஸ் வண்டியைப் பார்த்துக் குரைத்து எழுப்பிவிடும். எபிக்குப் பால் கொடுத்துக்கொண்டே காலால் குட்டியைத் தள்ளவும், ஒரு கையால் தயிர்சாதம் பிசைந்து அதன் தட்டில் வைக்கவும் அவள் பழகிக்கொண்டாள். அவள் வேலை பார்த்த பள்ளியில் நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்கியவள்தான். இந்த இரண்டையும் அடக்க முடியவில்லை.

குட்டியால் கூடிய வேலையைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். சாயங்காலங்களைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஃபிரெடியின் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதும் சுண்டல் கேட்டருகே போய்ப் பின்னங்காலில் நிற்கும். அவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அதை மடியில் வாரிக்கொள்வான். "அப்பாவைத் தேடினியா? அப்பா செல்லம் யாரு? யாரு?" என்று கொஞ்சுவான். குழந்தையோடு கதவருகில் நிற்கும் ஜெனிக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். நிச்சயதார்த்தத்துக்குப் பின் தினமும் போனில் அவளிடம் பேசிய குரல் அது. கல்யாணத்துக்குப் பிறகு மெல்ல மெல்லக் காணாமல் போயிருந்தது. தொலைந்தது என்றே நினைத்திருந்தாள். ஒரு நாய்க்குட்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதோடு, 'அப்பா' என்ற வார்த்தையை அவன் எபியிடம் சொல்வதற்கு முன்பே அதனிடம் சொல்லித் தீர்த்துவிட்டான். உள்ளே வந்து எபியைப் பார்க்கும்போதோ, கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு, "தூங்கினானா?" என்று கேட்பான். அவ்வளவுதான்.

"அதை இவ்வளவு நேரம் கொஞ்சறியே," என்றாள் ஒருநாள்.

"அதுன்னு சொல்லாத ஜெனி. அவன்."

 அன்று அவள் சுண்டலின் தட்டில் முட்டை வைக்கவில்லை.

எபி அப்போது புன்னகைப்பான், ஆனால் வாய்விட்டுச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பை எப்படியாவது தான் வாங்கிவிட வேண்டும் என்று ஜெனிக்கு ஒரு வெறியே இருந்தது. முகத்தைக் கோணலாக்கினாள். துண்டால் மறைத்து எட்டிப் பார்த்தாள். வயிற்றில் வாய் வைத்து ஊதினாள். ஞாயிறு பள்ளிப் பாட்டுகளையெல்லாம் கைவீச்சோடு பாடினாள். அவன் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான், கணக்குப் பாடம் கேட்கும் பிள்ளையைப் போல.

ஒரு சனிக்கிழமை காலை, ஃபிரெடி வீட்டில் இருந்தான். தரையில் விரிப்பில் எபி கிடந்தான். சுண்டல் தன் வாலைத் தானே துரத்திக்கொண்டு சுற்றியது. ஈரத் தரையில் வழுக்கி, நான்கு காலும் நான்கு திசையில் போய், தாடை தரையில் இடிக்க விழுந்தது. பிறகு ஒரு தும்மல்.

எபி சிரித்தான். சின்ன உடம்பு முழுதும் குலுங்க, விக்கல் வருமளவுக்கு, சத்தம் போட்டுச் சிரித்தான். சுண்டல் மறுபடி தும்மியது. மறுபடி சிரித்தான்.

"ஜெனி! பாத்தியா! சுண்டல் சிரிக்க வச்சிட்டான்!" ஃபிரெடி போனை எடுத்து வீடியோ பிடித்தான். மதியத்துக்குள் அது குடும்ப வாட்ஸப் குழு முழுக்கச் சுற்றியது. நாய் முடி குழந்தைக்கு ஆகாது என்று தினமும் போனில் புலம்பும் ஜெனியின் அம்மா மெட்டில்டாகூட, 'சுண்டலுக்கு ஒரு முத்தம்' என்று எழுதியிருந்தாள்.

ஜெனி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். பத்து மாதம் சுமந்தது, வயிற்றைக் கிழித்துப் பெற்றது, தூக்கத்தைத் தொலைத்தது எல்லாம் அவள். சிரிப்பு அதற்கு. 'இவர்கள் மூன்று பேரும் ஒரு வீடு, நான் வேலைக்கு வந்தவள்' என்று நினைத்தாள். நினைத்ததும் அழுகை வந்தது. அழுகை நின்ற இடத்தில் ஒரு முடிவும் வந்தது.

செல்வம்மாள் கோவளத்திலிருந்து மற்ற பெண்களோடு லோடு ஆட்டோவில் வந்து, முடிச்சூர் தெருக்களில் மீன் விற்பவள். அவள் மீன் பேசினைத் தலையிலிருந்து இறக்கும் ஒவ்வொரு முறையும் சுண்டல் அவள் காலைச் சுற்றி வரும். அடுத்த முறை வந்தபோது ஜெனியே பேச்சை ஆரம்பித்தாள்.

"அக்கா, இந்தக் குட்டி உங்களுக்கு வேணுமா?"

"இன்னாம்மா சொல்ற? மெய்யாலுமா?" செல்வம்மாள் சங்கராவைச் செதில் சீவுவதை நிறுத்தினாள். "எங்க வூட்டாண்ட கருவாடு காய வச்சா பூனையும் காக்காவும் வுட மாட்டேங்குது. ஒரு நாயி இருந்தா தேவலைன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லிகினே கீறாரு. உங்க சாருக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றாள் ஜெனி.

சிவப்புப் பட்டையைக் கழற்றி வைத்துக்கொண்டாள். செல்வம்மாளின் இடுப்பில் உட்கார்ந்து தெருமுனை திரும்பும்வரை சுண்டல் ஜெனியையே பார்த்துக்கொண்டு போனது. ஜெனி கேட்டைச் சாத்தினாள். பிறகு யோசித்து, பாதி திறந்துவைத்தாள்.

"பால் பாக்கெட் வாங்கப் போனேன். கேட் கொக்கி சரியா விழல போல. ஓடிப்போயிடுச்சு," என்று அன்று மாலை ஃபிரெடியிடம் சொன்னாள்.

அவன் பையைப் படியிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினான். தெருத் தெருவாக, காலி மனைகளின் புதர்களுக்குள், வெளிவட்டச் சாலையில் லாரிகள் போகும் ஓரம்வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனான். கால் முழுக்கச் சேறோடு திரும்பி வந்து படியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

ஜெனி கதவருகில் நின்று பார்த்தாள். நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது வேறு. என்னை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனபோதுகூட இவன் இப்படி அழவில்லையே என்று தோன்றியது. குட்டி வீட்டில் இருந்தபோதாவது அதைத் திட்டலாம், தள்ளலாம், சோறு வைக்காமல் இருக்கலாம். இப்போது அது எங்கும் இல்லை, எங்கும் இருந்தது. கட்டிலுக்கடியில் பெருக்கினால் குழந்தைத் துணி வந்தது. எபி விரிப்பில் கிடந்தபடி கதவுப் பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் கண்மூடியிருந்தபோது பக்கத்தில் ஃபிரெடி முணுமுணுப்பது அவளுக்குக் கேட்டது. "வண்டில அடிபடாம இருக்கணும் ஆண்டவரே. யார் வீட்லயாவது சாப்பாடு கிடைக்கணும்." அவளால் அதற்கு ஆமென் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவன் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கேட்டருகே உட்கார்ந்தான்.

"என்ன பண்ற?"

"கொக்கி லூஸா இருக்கு. நான்தான் முன்னாடியே பாத்திருக்கணும். என் தப்பு."

கொக்கி லூஸாக இல்லை. அவன் திருகிக்கொண்டே இருந்தான். ஜெனி அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஃபிரெடி, அது ஓடிப்போகல. நான்தான் குடுத்துட்டேன். மீன்காரச் செல்வம்மாக்காகிட்ட."

அவன் நிமிர்ந்தான். கோபப்படுவான் என்று காத்திருந்தாள். "ஏன்?" என்றான்.

"ஏன்னு உனக்குத் தெரியாதா? வாசல்ல அதைத்தான் முதல்ல தூக்கற. அதுகிட்டதான் அப்பாங்கற. எபியை ஒரு விரலால தொட்டுட்டுப் போயிடற. என்னை அதுகூட இல்ல. இந்த வீட்ல நாய்க்கு இருக்கற இடம் எனக்கு இல்ல."

ஃபிரெடி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"எபியை நான் எப்படித் தூக்கறது ஜெனி? உங்கம்மா வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை வருவேன். சோஃபா நுனில விருந்தாளி மாதிரி உக்காந்திருப்பேன். கை கழுவிட்டீங்களா மாப்ளேன்னு கேட்டுட்டுக் குடுப்பாங்க. லேசா சிணுங்கினா போதும், வாங்கிப்பாங்க. நீயும் பாத்துட்டுதான் இருந்த. இங்க வந்தப்புறம் நீ அதையே பண்ற. நான் கை நீட்டினாலே, தலையைப் பிடி தலையைப் பிடின்னு கத்தற. உன்கிட்ட அவன் ஒட்டிட்டுக் கிடக்கறதைப் பாத்தா எனக்கு எவ்வளவு எரிச்சலா இருக்கும் தெரியுமா? பெத்த பிள்ளைக்கு நான் யாருன்னே தெரியல. சுண்டல் ஒருத்தனுக்குத்தான் என்னைத் தெரிஞ்சுது."

அவனுக்கு எரிச்சலா? தன் மீதா? ஜெனி அப்படி ஒன்றை யோசித்ததே இல்லை. இருவரும் ஒருவரையொருவர் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே எபி அழ ஆரம்பித்தான்.

"கிளம்பு," என்றாள் ஜெனி. "கோவளம் போலாம்."

டாக்ஸியில் வழி முழுதும் ஃபிரெடி ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்தான். செல்வம்மாளின் வீடு கடற்கரைக்கு மிக அருகில் இருந்தது. மணலில் காயும் நெத்திலிக்கு நடுவே சுண்டல் ஒரு நண்டை விரட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் வலைக் கயிறு கட்டியிருந்தார்கள்.

"குடுத்துட்டுத் திருப்பிக் கேக்கறது இன்னாம்மா நாயம்?" செல்வம்மாளுக்கு முகம் சுருங்கியது. "எங்க வூட்டுக்காரரு அதுக்குக் கலெக்டருன்னு பேரே வச்சிட்டாரு. அவரு சாப்டாத்தான் அது சாப்டுது. நான் போட்டா மோந்துகூடப் பாக்கல. எனக்கே பேஜாரா கீது, போ."

"தப்பு என்னோடதுதான்க்கா. இவர்கிட்ட சொல்லாமதான் குடுத்தேன். உங்ககிட்டயும் பொய் சொல்லிட்டேன்," என்றாள் ஜெனி.

ஃபிரெடி அதற்குள் மணலில் மண்டியிட்டிருந்தான். "சுண்டல்! டேய், இங்க வாடா!"

குட்டி திரும்பிப் பார்த்தது. காதுகள் பின்னால் மடிய, மணல் பறக்க ஓடி வந்தது. ஃபிரெடி இரண்டு கைகளையும் விரித்தான். அது அவனைத் தாண்டி ஓடி, ஜெனியின் காலடியில் விழுந்து புரண்டு, முனகி, அவள் துப்பட்டாவைக் கவ்விக்கொண்டது.

தினமும் பகல் முழுக்க அதற்குச் சோறு வைத்தவள், அதோடு மல்லுக்கட்டியவள் அவள்தான். அவள் வாசனைதான் அதற்கு வீடு. ஜெனி குனிந்து அதன் தலையில் கை வைத்தாள். உள்ளே ஒரு கெட்ட சந்தோஷம் பொங்கியது. நிமிர்ந்து பார்த்தபோது ஃபிரெடி இன்னும் கைகளை விரித்தபடியே இருந்தான். அவன் முகம் விழுந்திருந்தது. இத்தனை நாள் தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதும் சந்தோஷம் வடிந்துவிட்டது.

"எட்த்துகினு போ," என்றாள் செல்வம்மாள் கடைசியில். "அவரு கடல்லருந்து வர்றதுக்குள்ள போயிடு. நான் சொல்லிக்கறேன். ஆனா இனிமே என்னாண்ட மீனுக்கு வெல பேசக் கூடாது, ஆமா."

டாக்ஸியில் ஏறும்போது சுண்டல் ஜெனியின் மடியை விட்டு இறங்க மறுத்தது. அவள் எபியை ஃபிரெடியிடம் நீட்டினாள். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டாள். அவன் முதலில் விறைப்பாகத்தான் பிடித்தான். கேளம்பாக்கம் தாண்டுவதற்குள் எபி அவன் சட்டைப் பொத்தானை வாயில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனான். வண்டலூர் சிக்னலில் சுண்டல் கருவாட்டு வாசனையோடு சீட்டில் வாந்தி எடுத்தது. டிரைவர் போட்ட சத்தத்துக்கு இருவரும் சேர்ந்து மன்னிப்புக் கேட்டார்கள். அன்று அவர்கள் சேர்ந்து பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பொய் சொன்னதை ஃபிரெடி உடனே மறந்துவிடவில்லை. சில நாட்கள் வீட்டில் பேச்சு குறைவாகவே இருந்தது. ஆனால் காலையில் வேலைக்குப் போகுமுன் எபியைக் குளிப்பாட்டுவது அவன் பொறுப்பானது. அந்த நேரத்தில் ஜெனி சுண்டலைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தெருவைச் சுற்றி வருவாள். அது அவளை இழுத்துக்கொண்டு ஓடும். குழந்தை இல்லாத கைகளோடு நடப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் திரும்பி வந்து எபியை வாங்கக் கை நீட்டினாள். அவன் அவளைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பி ஃபிரெடியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். ஃபிரெடிக்குப் பெருமை தாங்கவில்லை. ஜெனிக்குச் சுருக்கென்றது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"சரி, வச்சுக்கோ," என்றாள். "நான் போய் சூடா ஒரு காபி குடிக்கறேன்."