போயிட்டு வர்றேன்னு சொன்ன இடமெல்லாம்

அத்தான் மாட்டியிருந்த கையில்லாத கோட்டில் பாக்கெட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒன்றில் திசைகாட்டி, ஒன்றில் விசில், ஒன்றில் பாம்புக்கடி மருந்து. மூன்று பேருடைய பாஸ்போர்ட்டும் இன்னொன்றில். எதில் என்று கேட்டால் அவருக்கே சட்டென்று சொல்லத் தெரியாது. விமான நிலையத்தில் உடம்பெல்லாம் தடவித் தடவித் தேடுவார். பின்னால் நிற்பவர்கள் ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று இரண்டடி தள்ளி நிற்பார்கள்.

ஊரில் அவருக்கு 'சாகசச் செம்மல்' என்று பட்டம். கொடுத்தது ஒரு பயணிகள் சங்கம். அதன் தலைவர் அவர். பொருளாளர் அவருடைய மனைவி, அதாவது அக்கா. அந்த விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது. மேடை ஏறினால் "மரணத்தின் வாசலில் நின்று டீ குடித்தவன் நான்" என்றுதான் ஆரம்பிப்பார். அந்த வாசல் எந்த ஹோட்டலுடையது என்று அக்காவைக் கேட்டால் சொல்லியிருப்பாள். அக்காவை யாரும் கேட்டதில்லை.

அக்காவின் தங்கை பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஊர் ஊராகப் பேர் சொல்லி மைக்கில் கூவி, வண்டிகளை வழியனுப்பியே தலை நரைத்தவள். கூவிய ஊர்களில் ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. ஓய்வு பெற்ற கையோடு, "எங்கேயாவது வெளிநாட்டுக்குப் போய், பஸ் போய் நிக்கிற கடைசி ஊர் எப்படி இருக்குன்னு பாத்துடணும்" என்றாள்.

"என்கூட வா. மனுஷன் காலே படாத கிராமமெல்லாம் காட்டறேன்" என்றார் அத்தான்.

"மனுஷன் கால் படலேன்னா அங்க கிராமம் எப்படி அத்தான் வந்துச்சு?"

கேள்விக்குப் பதில் சொல்லும் கெட்ட பழக்கம் அவருக்குக் கிடையாது.

இரண்டு பெரிய நகரங்களைப் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்றால், அத்தான் கேமராவைப் பார்த்தார், அக்கா அத்தானின் கோட்டில் அழுக்கைப் பார்த்தாள், டைம்கீப்பர் மட்டும் ஊரைப் பார்த்தாள். பாஷை தெரியாத இடமெல்லாம் போன்தான் மொழிபெயர்த்தது. எங்கிருந்து கிளம்பினாலும் அத்தான் அதை வாயருகே பிடித்து, சொற்பொழிவுக் குரலில், "போயிட்டு வர்றேன்" என்பார். போனும் பொறுப்பாக அந்த பாஷையில் எதையோ சொல்லும். கேட்டவர்கள் கொஞ்சம் திகைத்து, பிறகு தலையாட்டுவார்கள்.

அதன்பின் அழைப்புகள் வர ஆரம்பித்தன. முதல் நகரத்து ஹோட்டல்காரர், அறையைப் பூட்டி வைத்திருக்கிறேன், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். முகச்சவரம் செய்த கடைக்காரர், அன்று கடையைச் சாத்தாமல் உட்கார்ந்திருந்ததாகக் கோபித்துக்கொண்டார்.

"பாத்தியா?" என்று அத்தான் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரு தடவை பழகிட்டா போதும். பிரிய மனசு வராது இவனுங்களுக்கு."

மூன்றாவதாக வந்து சேர்ந்தது மலையடிவாரத்தில், ஒரே ஒரு ஹோட்டல் மட்டும் இருந்த ஒரு சின்ன டவுன். கடைசி கிராமத்துக்கு இங்கிருந்துதான் பஸ். அத்தான் ஹோட்டல் மாடியில் நின்று மலையை அண்ணாந்து பார்த்தார். உச்சி தெரியவில்லை. முகம் சுண்டிப்போயிற்று.

"பனிச்சரிவு அபாயம் இருக்கு" என்றார்.

"வெயில் மண்டையைப் பொளக்குது, அத்தான்."

"அனுபவசாலி சொல்றேன், கேளு. ஹோட்டலுக்குப் பின்னால கட்டடம் கட்டக் கல்லு குவிச்சு வெச்சிருக்கான். கீழேயிருந்து வீடியோ எடுத்தா மலைதான். உங்க அக்கா மக்குல தண்ணி தெளிச்சா மழைதான்."

"அப்ப நீங்க மழையில நனைங்க. என் பாஸ்போர்ட்டைக் குடுங்க, நான் மேலே போறேன். வழியில சோதனைச் சாவடி இருக்காம், அது இல்லாம விடமாட்டாங்களாம்."

"தனியாவா? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் பேரு என்னாகும்?"

"எனக்கு என்னாகும்னு கேக்கலையே."

"தர முடியாதும்மா. பேச்சு முடிஞ்சுது."

முடிந்தது அவர் பேச்சு மட்டும்தான். சாயங்காலம் அவள் நேரே பஸ் நிலையத்துக்குப் போனாள். டீசல் வாடையும், யாரோ யாரையோ திட்டும் சத்தமும் சேர்ந்து, பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. மலைக்குப் போகும் பஸ்ஸைக் கண்டுபிடித்து, சக்கரத்தை ஒரு எத்து எத்திப் பார்த்தாள். தொப்பி போட்ட டிரைவர் சிரித்தார். இவள் தன்னைக் காட்டி, கையால் மணி பார்ப்பது போலவும் மைக்கில் கூவுவது போலவும் நடித்துக் காட்டினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்து, இஞ்சினைத் திறந்தே காட்டிவிட்டார். காலையில் கிளம்பும் என்பதைச் சூரியனை வரைந்து சொன்னார்.

கிளம்பும்போது இவளும் வாய்ப்பழக்கமாகப் போனில் சொன்னாள்: "போயிட்டு வர்றேன்."

டிரைவர் முகம் சீரியஸாகிவிட்டது. தொப்பியைக் கழற்றி முன்சீட்டில் வைத்தார். துண்டு போட்டு இடம் பிடிக்கும் வித்தை அவளுக்குப் புரியாதா? ஆனால், நான் எப்போது சீட்டுக் கேட்டேன் என்றுதான் புரியவில்லை.

மறுநாள் காலை, கல் குவியல் மேல் அத்தான் தவழ்ந்துகொண்டிருந்தார். "நண்பர்களே, மூச்சு முட்டுகிறது..." அக்கா மக்கால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அப்போது வாசலில் ஹாரன் அலறியது. நின்றது. மறுபடி அலறியது. தொப்பியில்லாத டிரைவர் விடுவிடுவென்று பின்பக்கமே வந்து, ஓரமாக நின்ற டைம்கீப்பரிடம் தன் போனை நீட்டினார். அது தமிழில் பேசியது:

"நீங்கள் போய்விட்டுத் திரும்பி வருவதாகச் சொன்னீர்கள். வண்டி நிறைய ஆட்கள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்."

டைம்கீப்பருக்கு ஒரு நொடி பிடித்தது. பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அத்தான், அந்த ஹோட்டல்காரர் உங்க புகழுக்கு மயங்கிக் கூப்பிடலை. போறேன்னு சொல்ல வாய் வராம, போயிட்டு வர்றேன்னோம். அவங்க அதை நெஜம்னு நம்பிட்டாங்க! சவரக்கடைக்காரர் பாவம், கடையைத் திறந்து வெச்சுக்கிட்டு..."

அத்தான் கல்லைப் பிடித்தபடியே உறைந்திருந்தார். முகத்தில் வழிந்தது முழுக்கத் தண்ணீர் என்று சொல்ல முடியாது.

"என்னால ஒரு வண்டி லேட்டாகுது. பாஸ்போர்ட்டைக் குடுங்க."

"போகக்கூடாதுன்னு நான் சொல்றேன்!"

"நீங்க சொல்றதை நான் கேக்கலை, அத்தான். பாஸ்போர்ட்டைத்தான் கேக்கறேன்."

அவர் இரண்டு கையாலும் பாக்கெட்டுகளைப் பொத்தினார். கை இரண்டு, பாக்கெட் ஏகப்பட்டது. அக்கா மக்கைக் கீழே வைத்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"என்னங்க, கையைத் தூக்குங்க."

துவைக்கக் கோட்டைக் கழற்றும்போது தினமும் கேட்கும் குரல். பழக்கதோஷத்தில் தூக்கிவிட்டார். அக்குளுக்குக் கீழே இருந்த ஜிப்பை இழுத்து இரண்டு பாஸ்போர்ட்டுகளை எடுத்து, மூன்றாவதை உள்ளேயே வைத்து ஜிப்பை மூடினாள் அக்கா.

"ரெண்டு எதுக்குடி?"

"நானும் போறேன்."

"ஐயோ, போறேன்னு சொல்லாதே! போயிட்டு வர்றேன்னு சொல்லுடி!"

"சொன்னா நீங்களும் நம்பிட்டுக் காத்திருப்பீங்களே."

பஸ் ஏறினார்கள். சோதனைச் சாவடிக்காரர் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டார். அதற்கப்புறம் வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அக்கா கண்ணை மூடி, திறந்து, கீழே பார்த்து, மறுபடி மூடினாள். ஓரிடத்தில் வண்டி நின்றுவிட்டது. சாலையை ஒரு ஆறு தின்றிருந்தது. முழங்கால் அளவு தண்ணீர். அக்கரையில் வேறொரு வண்டி. ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல இறங்கி நடந்தார்கள்.

"எனக்குப் பயமா இருக்குடி."

"எனக்கும்தான். கையைப் பிடிச்சுக்கோ. திரும்பறதுன்னா இப்பவே சொல்லிடு, ஆனா நான் திரும்ப மாட்டேன்."

அக்கா வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. அத்தான். "உடனே திரும்புங்க! ரெண்டு பேரும் எனக்கு முன்னால அங்க போயிட்டா, ஊர்ல நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பேசறது? இது என் உத்தரவு! கேக்குதா?"

ஆறு சலசலவென்று, காதோடு காதாகப் பேசுவது போல ஓடிக்கொண்டிருந்தது. அக்கா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என்னங்க, ஒண்ணுமே கேக்கலைங்க. ஆத்துச் சத்தம் காதைப் பொளக்குது" என்று சொல்லிவிட்டு, தண்ணீரில் காலை வைத்தாள்.