அபூசாலி எழுதிய பத்தாவது ஆச்சரியம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பழைய பயணக் கைநூலின் கடைசிப் பக்கத்திலிருந்து பிறந்தது என்று சொல்லத்தான் நினைத்தேன். அப்படியொரு கைநூல் என்னிடம் இல்லை, நானே கட்டிவிட்டது. நடந்தது வேறு. போன கிழமை கூட்டாளி ஒருவனைப் பகல் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டு வந்து, மனைவி றபீக்காவிடம் சொன்னேன். "ஆரக் கேட்டு?" என்றாள். அந்த இரண்டு சொல்லுக்குப் பயந்து எழுத்து மேசையில் குந்தி, 1955ஆம் ஆண்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்டேன்.

2

முதல் தொடக்கம்: கல்முனைக் கடலில் சூரியன் மெல்ல எழுந்தபோது அபூசாலி

(வேண்டாம். சூரியன் எல்லாக் கதையிலும்தான் எழும்புகிறது.)

இரண்டாவது: அபூசாலிக்குக் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

இதை வைத்துக்கொள்வோம். அபூசாலி தபால் கந்தோர் கிளாக்கர். எழுத்தில் கொஞ்சம் கிறுக்கு. இந்தியாவிலிருந்து வரும் பயணிகளுக்காக இலங்கையைப் பற்றி ஒரு கைநூல் போடுவதாகவும், கிழக்குக் கரையிலிருந்து பத்து ஆச்சரியங்களை எழுதித் தரும்படியும் கேட்டிருந்தார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்பதும் மளமளவென்று வந்தன. மலைக்கு மேற்கே மழை கொட்டுகிற மாதங்களில் இங்கே மண் வெடித்துக் கிடக்கும். மட்டக்களப்பு வாவியில் நிலாக்காலத்தில் மீன் பாடும் என்பார்கள். கல்லோயாவை மறித்துக் கட்டிய புதுக்குளத்தில் யானைகள் திட்டுக்குத் திட்டு நீந்திப்போகும்.* ஒன்பதாவதாக இதை எழுதினான்: "இந்தக் கரையில் கலியாணம் முடித்து வீடு மாறுகிறவன் ஆண். வீடு பெண்ணுக்கே உரியது."

பேனா சூடாகிவிட்டது. அதற்கு அடுத்த வரியிலேயே பத்தாவதையும் எழுதினான்: "எங்கள் விருந்தோம்பலுக்கு ஈடில்லை. கல்முனைக்கு வரும் பயணிகள் எனது வீட்டிலேயே தங்கலாம்."

(* யானை நீந்தியதை அவன் பார்க்கவில்லை. நானும் பார்த்ததில்லை. லொறிக்காரர்கள் சொன்னதுதான்.)

3

நூல் அச்சாகி வந்தது. மனைவி ஸகியாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினான். யானைக்குச் சிரித்தாள். பத்தாவது வந்ததும் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"ஆர்ர ஊட்டுக்கு ஆரக் கூப்பிடுறீங்க?"

"இருவது வருசமா இருக்கிற ஊடுதானே, புள்ள."

"வாப்பா கல்லுச் சுமந்து கட்டின ஊடு. எனக்குக் கலியாணம் எண்டதும் இதத் தந்துட்டு, உம்மாவக் கூட்டிக்கிட்டுப் பின்வளவு ஓலக் குடிசைக்குப் போனாரு. அங்கதான் கண்ண மூடி மவுத்தானாரு. சோறாக்கிப் போட எனக்கு என்ன கஷ்டம்? ஊரெல்லாம் வாசிக்க எழுத முந்தி, எனக்கிட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா?"

[ஸகியாவைக் கடுமையாக்கிவிட்டேனோ? முதற் பிரதியில் அழவைத்திருந்தேன். அழுதால் சமாதானப்படுத்திவிடலாம் என்பது என் கணக்கு. அழித்துவிட்டேன்.]

அபூசாலிக்கு அப்போது வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இருபது வருடமாகக் கூரை பார்த்தவன், கிணறு இறைத்தவன் யார்? சட்டையை மாட்டிக்கொண்டு தான் பிறந்த வீட்டுக்குப் போனான். அது இப்போது தங்கச்சியின் வீடு. தங்கச்சி புருஷன் ஓடிவந்து நல்ல கதிரையைத் துடைத்துப் போட்டு, "இரிங்க மச்சான்" என்றான். விருந்தாளிக்குப் போடுகிற கதிரை. அதில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் அவனுக்கு மனசு சுட்டது. இந்த ஊரில் எல்லா ஆண்களையும்போல அவனுக்கும் சொந்தக் கதவு கிடையாது. ஒருத்தி திறந்துவிட்டதால் உள்ளே இருக்கிறான். அவளையே கேட்க மறந்துபோனான். திரும்பி வந்தான், ஆனால் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஸகியா சோறு போட்டாள், கதைக்கவில்லை. இரண்டு மாதம் இப்படியே போனது.

4

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து அபூசாலி வந்தபோது வேலிக் கடப்பு வாசலில் ஒருவர் கைப்பையோடு நின்றார். மதுரைப் பள்ளிக்கூட ஆசிரியர். தலைமன்னாரில் கப்பலால் இறங்கி, மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். கையில் அந்த நூல்.

"சார், அபூசாலி சார் வீடு இதுதானே?"

கதவுக்குப் பின்னால் ஸகியாவின் வளையல் சத்தம் கேட்டது.

முடிவு அ: "ஓம், வாங்க" என்கிறான். ஸகியா மீன் பொரித்து உபசரிக்கிறாள். அதன்பிறகு சாகும்வரை அவனோடு மனம்விட்டு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. (இப்படிப்பட்ட வீடுகளை எனக்குத் தெரியும். எழுத விருப்பமில்லை.)

முடிவு ஆ: அவரை றெஸ்ட் ஹவுஸுக்குக் கூட்டிப்போகிறான். ஒருவருக்கும் வலிக்கவில்லை. கதைக்கும் வலிக்கவில்லை.

முடிவு இ: அபூசாலி, உள்ளே கேட்கட்டும் என்றே உரத்துச் சொன்னான்.

"இல்ல மாஸ்டர். இது எண்ட பொஞ்சாதிர ஊடு. அவட வாப்பா கட்டிக் குடுத்த ஊடு. கேக்காம எழுதிப்போட்டன், பிழை என்னிலதான். கொஞ்சம் பொறுங்க, கேட்டுட்டு வாறன்."

கதவடிக்குப் போனான். சாத்தியிருந்தது. இருபது வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கதவைத் தட்டினான்.

"ஸகியா, இவர் தங்கலாமா?"

ஸகியா சொன்னாள்:

5

இந்த இடத்தில் மூன்று பதில்கள் எழுதி வைத்திருந்தேன். மூன்றாவது எனக்கே கண் கலங்குமளவுக்கு நன்றாக வந்திருந்தது. றபீக்காவிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, பென்சிலை எடுத்து மூன்றையும் வெட்டினாள்.

"அவக்கிட்டக் கேக்க வெச்சிட்டு, பதிலையும் நீங்களே சொன்னா, அப்ப ஆரக் கேட்டீங்க?"

வெட்டின தாளை அப்படியே எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தேன். ஆகவே அபூசாலி இன்னும் கதவடியில் நிற்கிறான். ஆசிரியர் பையைக் கீழே வைக்கவில்லை. வாசிக்கிற நீங்கள் பெண்ணானால், ஸகியாவின் பதிலைச் சொல்லுங்கள். ஆணானால், அவனுக்குப் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் நில்லுங்கள்.