கடதாசி இல்லாத ஸ்பிரிங்

வேட்டி மூன்றாவது தடவையும் அவிழ்ந்து விழுந்தபோது பரராசசிங்கம் சித்தப்பா தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி நிதுசனின் இடுப்பில் போட்டு இறுக்கினார். எசன் நகரத்து மயான மண்டபத்தின் கழிவறையில் இருவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஜெர்மனியில் பிறந்து முப்பத்திரண்டு வயதாகியும் வேட்டி கட்டத் தெரியாத பிள்ளையை வேறொரு நாளென்றால் சித்தப்பா ஒரு பாட்டம் பேசித் தீர்த்திருப்பார். இன்றைக்கு பெல்ட்டை மட்டும் இன்னுமொரு ஓட்டை உள்ளே தள்ளினார். நிதுசனுக்கு மூச்சு முட்டியது. தளர்த்துங்கோ என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

செத்துப்போனது அவனுடைய அண்ணன் சேயோன். முப்பத்தெட்டு வயது, இதே நகரத்தில் டிராம் ஓட்டியவன். பிள்ளை என்று இருப்பது நான்கு வயது நிலக்சி ஒருத்திதான். அப்பாவும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே கிரியை செய்வதும், பிறகு எரியூட்டும் அறையில் பொத்தானை அழுத்துவதும் தம்பியின் தலையில் வந்து விழுந்தன. யாரும் அவனிடம் சம்மதம் கேட்கவில்லை. இந்த விசயத்தில் கேட்கிற வழக்கமும் கிடையாது.

கொன்றவனே கொள்ளியும் வைக்கலாமா என்று ஐயரிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

பகல் முழுக்கத் தண்டவாளத்தில் போகிற மனிதனுக்குத் தண்டவாளம் இல்லாமல் போக ஓர் ஆசை. மூன்று வருடத்துக்கு முன்னர் அறுபத்தொன்பதாம் ஆண்டு அமெரிக்கக் கார் ஒன்றை, நீண்ட மூக்கும் பெரிய எஞ்சினும் உடம்பெல்லாம் துருவுமாகச் சேயோன் வாங்கிவந்தான். நிதுசன் வாகனத் திருத்துநர், தொழிலில் ஆசான் என்று தகுதி தருகிற மைஸ்டர் பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கியவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் தம்பியும் அந்தக் காரின் அடியில்தான் கிடந்தார்கள். எஞ்சின் சரிவந்தது, பிரேக் சரிவந்தது. கடைசியில் ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோர்பரும் மிஞ்சின. காரோடு வந்த பழையவற்றில் ஓடினால் வண்டி கடலில் போகிற வள்ளம் மாதிரி ஆடியது.

போன மாரிகாலம் முழுவதும் அதிலேதான் தர்க்கம். ஒரு தொகுதி மென்மையானது. காரைத் தெருப்பக்கமாக மூன்று சென்ரிமீற்றர் மட்டும் பதிக்கும், தெருவில் ஓடலாம் என்கிற ஜெர்மன் பரிசோதனைக் கடதாசியோடு வரும். மற்றது அமெரிக்காவிலிருந்து எடுப்பிக்க வேண்டியது. ஆறு சென்ரிமீற்றர் பதிக்கும், பந்தயத் தளத்துக்கென்று செய்த இறுக்கம், கடதாசி கிடையாது. சேயோன் முதலாவதைத்தான் விரும்பினான். பின்சீற்றில் நிலக்சி இருப்பாள், பிள்ளை குலுங்கக் கூடாது என்றான். நிதுசன் விடவில்லை. டிராம்காரனுக்கு எல்லாம் மெத்தையாக வேண்டும் என்று நக்கலடித்தான். தனிப் பரிசோதனைக்கு நாளும் நேரமும் குறித்து ஒரு டெர்மின் எடுத்தால் அனுமதி எழுதிக்கொள்ளலாம், அதெல்லாம் தன் பொறுப்பு என்றான். உண்மையில் கார் தெருவோடு பதிந்து நிற்கப்போகிற அழகு அவனுடைய கண்ணை மறைத்துவிட்டது. தெரிவு செய்தது அண்ணனின் காருக்கு, ஆசைப்பட்டது தனக்கு.

அமெரிக்கத் தொகுதியைப் பூட்டி முடித்தது ஒரு வெள்ளிக்கிழமை. டெர்மின் கிடைத்தது பதின்மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. அதுவரைக்கும் காரைத் தெருவில் இறக்கக் கூடாது என்பது நிதுசனுக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டுதான் மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் அண்ணனுக்கு ஃபோன் எடுத்து, ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு கார் தெருவைப் பிடித்து எப்படி நிற்கிறதென்று சொல்லச் சொன்னான். ரூர் ஆற்றோரத்து வீதி, ஒட்டுப் போட்ட தார், நல்ல மழை. வளைவில் பின்சில்லுகள் தெருவைப் பிடிக்காமல் துள்ளியிருக்கும். வேறு விதமாக நடந்திருக்க வழியில்லை என்று அவனுக்குள் இருந்த மைஸ்டர் சொல்லிக்கொண்டே இருந்தான். வளைவின் முடிவில் ஒரு மரம் நின்றது.

இன்றைக்கு டெர்மின் குறித்த அதே வியாழக்கிழமை. மண்டபத்துக்குள் வந்தபோது சுவர்க் கடிகாரத்தில் பத்தாகப் பத்து நிமிடம் இருந்தது.

பெட்டி திறந்து கிடந்தது. காயம் தெரியாமல் சேயோனுக்குத் தலைப்பாகை கட்டியிருந்தார்கள். அவனோடு வேலை செய்தவர்கள் சீருடையோடு கடைசி வரிசையில் நின்றார்கள். சேயோன் டிராமை நிறுத்தினால் உள்ளே நிற்கிற கிழவிகள்கூட ஆடமாட்டார்கள் என்று அவர்களில் ஒருவர் சொல்லி அழுதார். நிதுசனால் அந்த இடத்தில் நிற்க ஏலவில்லை. கிரியை தொடங்குமுன் ஒருத்தருக்காவது சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் அந்த உடம்பைத் தொடக் கூடாது என்று முடிவெடுத்தான்.

அண்ணனின் மனைவி சுபானி பக்கத்து அறையில், கோப்பைகள் அடுக்கிய மேசையருகே தனியாக இருந்தாள். நிதுசன் கதவைச் சாத்திவிட்டு ஒன்று விடாமல் சொன்னான். இரண்டு தொகுதியையும் சொன்னான், நக்கலையும் சொன்னான், ஃபோன் எடுத்ததையும் சொன்னான். அவள் கன்னத்தில் அறைவாள் என்று எதிர்பார்த்தான். அறைந்தால் நல்லது என்றும் இருந்தது. அவன் முடிக்கும்வரை அவள் மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "கடதாசி இல்லையே எண்டு வாசலில வைச்சுக் கேட்டனான். தம்பி பூட்டினது, கடதாசி என்னத்துக்கு எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

நிதுசன் நாளைக்கே பொலிசுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லப்போவதாகச் சொன்னான்.

"பொலிஸ் போன கிழமையே வந்து கேட்டது. அவரே தனியப் பூட்டினவர் எண்டு சொல்லிக் கையெழுத்தும் வைச்சிட்டன்."

"ஏன் அண்ணி?"

"மாமிக்கு மிஞ்சியிருக்கிற பிள்ளை நீர் ஒராள். நிலக்சியும் சித்தப்பா எங்க எண்டு உம்மைத்தான் தேடுறாள். அவள் வளந்து வெறுக்கிறதுக்கு நான் ஒரு ஆளை எடுத்துக் குடுக்கமாட்டன்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள். "மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காதேயும். நான் மன்னிக்கேல்லை. ஆனா இதை இனி ஒருத்தருக்கும் சொல்லாதேயும்."

சொன்னால் பாரம் இறங்கும் என்று வந்தவனுக்கு, இருந்த பாரத்தின் மேல் இன்னொன்றும் ஏறியது. இனி உண்மையைச் சொன்னால் சுபானி பொய்க்காரி. சொல்லாவிட்டால் அண்ணன் தன் சாவைத் தானே தேடிக்கொண்டவன். போக வழியும் இல்லை, திரும்ப வழியும் இல்லை. அடுத்த அறையில் ஐயர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஐயர் சொல்லச் சொல்ல எல்லாம் செய்தான். வாய்க்கரிசி போடும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான், அரிசி அண்ணனின் சட்டைக் கழுத்துக்குள் விழுந்தது. துக்கம் தாங்காத தம்பி என்று சனம் உச்சுக்கொட்டியது. பிறகு சித்தப்பா நாலு வார்த்தை பேச எழும்பினார். நல்ல பிள்ளை, பண்பான பிள்ளை என்றெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு அவசரப் புத்திதான் அவனை அழித்தது, மைஸ்டர் தம்பி பக்கத்தில் இருக்கத் தானே பூட்டப்போனானே என்று சொல்லி அழுதார். கதை அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது என்பது மற்றவர்கள் தலையாட்டியதிலேயே தெரிந்தது. சுபானி குனிந்தபடி இருந்தாள்.

முன்வரிசையில் இருந்த அம்மா நிதுசனைப் பக்கத்தில் இழுத்து இருத்தினாள். அவனுடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"நீ வேண்டாமெண்டுதான் சொல்லியிருப்பாய், என்ன ராசா? அவன் ஆர் சொல்லைக் கேட்டவன்?"

சேயோன் கேட்டவன். தம்பியின் சொல்லைக் கேட்டதால்தான் அங்கே கிடக்கிறான். அம்மா பதிலுக்காக அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இனி எழும்பி நடக்கவேண்டும் என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"ஓம் அம்மா," என்றான் நிதுசன். "சொன்னனான்."

பெட்டியை மூட இரண்டு ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். மூடியை வைத்து, ஆளுக்கொரு பக்கமாகத் திருகாணிகளைக் கையால் முறுக்கினார்கள். கால்மாட்டில் ஒன்று மட்டும் புரி பிடிக்காமல் சும்மா சுற்றியது. அவர்களில் ஒருவர், பரவாயில்லை, மற்றவை தாங்கும் என்று தாழ்ந்த குரலில் சொல்லி விலகினார். நிதுசன் அம்மாவின் கைகளுக்குள்ளிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டு எழும்பிப் போனான். திருகாணியைக் கழற்றினான். புரியை விரலால் துடைத்து, நேராகப் பிடித்து, அவசரப்படாமல் உள்ளே முறுக்கினான். அது பிடித்தது. மேலதிகமாக ஒரு கால் சுற்று இறுக்கிவிட்டு, மூடியை ஒரு தரம் அசைத்துப் பார்த்தான்.