லேத்தில் கடைந்த ஊசி

“அந்த பிளக்கை என்கிட்ட குடுங்கப்பா.”

கொட்டகைக்குள் அப்பா, சித்தப்பா, தம்பி மூவரும் இருந்தார்கள். ஐல்சா கையை நீட்டியபடியே நின்றாள். எஞ்சினிலிருந்து அப்போதுதான் கழற்றிய ஸ்பார்க் பிளக் அப்பா விக்டரின் கையில் இருந்தது. சூடு பொறுக்காமல் அதைப் பழைய துணிக்குள் வைத்து, விரல்களை மடக்கி மறைத்துக்கொண்டார்.

அப்பாவிடம் எதை வேண்டுமானாலும் கேள், பிளக்கை மட்டும் கேட்காதே என்று அம்மா சின்ன வயதிலேயே சொல்லிவைத்திருந்தாள். வட அயர்லாந்தில், ஆன்ட்ரிம் பக்கத்து மோட்டார்சைக்கிள் ரேஸ் வீடுகளில் அதுதான் வழக்கம். பிளக் கறுத்திருந்தால் வண்டிக்குப் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறுகிறது. டியூன் செய்தவன் பார்ப்பான், ஓட்டுகிறவன் பார்ப்பான். மூன்றாவது ஆள் கேட்டால், டியூன் செய்தவன்மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்.

ஐல்சாவுக்கு நம்பிக்கை இல்லை. அதை மறைக்கும் தெம்பும் இல்லை. வாரம் முழுக்க பெல்ஃபாஸ்டில் ஊரார் பம்புகளைச் சோதித்துவிட்டு, மழையில் வண்டி ஓட்டிவந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள்.

“காலேஜ்ல பிளக் பாக்கவும் சொல்லிக் குடுத்தாங்களா, இன்ஜினியரம்மா?” என்றார் நார்மன் சித்தப்பா, வாசலை மறித்துக் காலை நீட்டி உட்கார்ந்தபடி. “நாங்கல்லாம் பல்லு விளக்குறதுக்கு முன்னாடி பிளக்கு பாத்தவங்க.”

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். மிதித்த நாளிலிருந்து இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். முன்பெல்லாம் பதிலுக்குப் பதில் கொடுப்பாள். இப்போது அலுத்துவிட்டது.

வண்டிக்கு வந்த கோளாறு அவளுக்கும் தெரிந்ததுதான். போன சீசன் முழுக்க, ஆக்சிலேட்டரை முக்கால்வாசி திருகினால் அந்த டூ-ஸ்ட்ரோக் சளி பிடித்தவன் மாதிரி இருமியது. வேலிகளுக்கு நடுவே போகும் இந்த ஊர்ச் சாலைகளில், நீண்ட வளைவுகளை எல்லாம் அந்த முக்காலில்தான் பிடிக்க வேண்டும். தம்பி கைல் ஒவ்வொரு வளைவிலும் பின்தங்கினான். விக்டர் கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்களை ஊதினார், மிதவையின் உயரத்தை அளந்தார், அதிலிருக்கும் ஊசியை இறக்க முடிந்த மட்டும் இறக்கினார். கரண்ட் சரியாகப் பாய்கிறதா என்று பார்த்தார். இருமல் போகவில்லை.

கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஏறி வரும் துளையில் ஒரு ஊசி தொங்கும். ஆக்சிலேட்டரைத் திருகத் திருக ஊசி மேலே போகும். அதன் முனை மெலிந்திருந்தால் பெட்ரோல் தாராளமாக வரும்; தடித்திருந்தால் குறையும். கம்பெனி ஊசி இந்த வண்டிக்கு ரொம்ப மெலிது என்று முடிவுகட்டி, பனிக்காலம் பூராவும் லேத்தில் உட்கார்ந்து விக்டர் ஒரு ஊசியைக் கடைந்தார். எத்தனையோ வீணாய்ப் போய் ஒன்றே ஒன்று தேறியது. அதைப் போட்டதும் வண்டி அலறிக்கொண்டு பாய்ந்தது. கைல் அப்பாவைக் கட்டிப்பிடித்தான். அந்த வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடித்து ஐல்சா பார்த்ததில்லை.

இன்று சாயங்காலம் கடைசிச் சோதனை. பண்ணைக் கேட்டில் நார்மன் மாடுகளை மறித்துக்கொண்டு நிற்க, கைல் மேட்டுச் சந்தில் முக்கால் ஆக்சிலேட்டரில் ஏறினான். உச்சியில் கிளட்ச்சைப் பிடித்த அதே நொடியில் எஞ்சினை அணைத்து, சத்தமில்லாமல் உருண்டு வந்து சேர்ந்தான். அப்படி அணைத்தால்தான் பிளக் பொய் சொல்லாது. விக்டர் பிளக்கைக் கழற்றினார். கழற்றி, திரும்பாமலேயே, அதன் வாயைத் துணியால் ஒரு துடை துடைத்தார்.

அதை ஐல்சா பார்த்துவிட்டாள். பிளக்கைத் துடைக்கிறவன் கையை ஒடிக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற மனுஷன்.

“குடுங்கப்பா, பாத்துட்டுப் போகட்டும்,” என்றான் கைல்.

விக்டர் கொடுத்தார். அவள் போன் வெளிச்சத்தைப் பிளக்கின் தொண்டைக்குள் அடித்தாள். துணி எட்டாத ஆழத்தில் பீங்கான் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அதன்மேல் மிளகுத்தூள் தூவினாற்போலச் சாம்பல் நிறப் பொடி. திருப்பினால் மினுங்கியது. பிஸ்டனின் அலுமினியம். அது உருக ஆரம்பித்தால்தான் இப்படி வந்து ஒட்டும். இன்னும் கொஞ்சம் சூடேறினால் பிஸ்டன் இறுகிப் பிடித்து எஞ்சின் சீஸ் ஆகும், பின்சக்கரம் ஓட்டத்திலேயே நின்றுவிடும். நீண்ட வளைவு, இரண்டு பக்கமும் வேலி, வேலிக்குள் கல்சுவர்.

“இது என்னதுன்னு தெரியுதாப்பா?”

“தெரியும்.” விக்டர் கவிழ்த்துப்போட்ட பெட்டியில் உட்கார்ந்தார். “அந்த ஒரு இடத்துலதான் கொஞ்சம் கம்மியா போவுது.”

“சீஸ் ஆச்சுன்னா?”

“ஆகப்போவுதுன்னா சத்தத்துலயே தெரிஞ்சுடும். ரெண்டு விரலு கிளட்ச்சுலதான வச்சிருக்கான். புடிச்சா சக்கரம் விட்டுடும், அதுக்குத்தான விரலு.”

அவள் கைலைப் பார்த்தாள். அவனாவது கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் கையுறையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்குத் தெரியும்க்கா. அப்பா நேத்தே சொல்லிட்டாரு.”

ஆக, துடைத்தது அவளுக்காக மட்டும்தான். மூன்று ஆண்களும் பேசி வைத்து அவள் ஒருத்தியிடமிருந்து மறைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகும் அவள் பேசிப் பார்த்தாள். ஊசி முனையை ஒரு மயிரிழை ராவச் சொன்னாள். ராவினால் ராவினதுதான், திரும்ப ஒட்டவைக்க முடியாது, இருமலும் திரும்பி வந்துவிடும் என்றார் அப்பா. வேறு ஊசி கடையச் சொன்னாள். சனிக்கிழமை ரேஸுக்குள் நடக்கிற காரியமா என்றார் நார்மன். போன வருஷம் பூரா எவன் கண்ணிலும் படாத இடத்தில் வந்தேன், இப்போதுதான் இது வண்டி மாதிரி ஓடுகிறது, இந்த ஒரு ரேஸ் மட்டும் என்றான் கைல். போன சீசனிலும் எல்லாரும் ‘இந்த ஒரு ரேஸ் மட்டும்’ என்றுதான் சொன்னார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். ரேஸ் அன்று மழையில், சுற்று நேரத்தை எழுதிக் காட்டும் பலகையைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நிற்பவள் அவள்தான். வண்டி தாண்டிப் போனதும், மறு சுற்றில் அந்தச் சத்தம் மறுபடி வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறவள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது ஆரம்பித்தது. இன்னொரு சுற்று எண்ண அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

விக்டர் கார்புரேட்டரைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பேச்சு முடிந்துவிட்டதாக அவர் நினைப்பு. எப்போதும்போல, ஆக்சிலேட்டர் கேபிளில் தொங்கிய ஸ்லைடு உருளையை அவளிடம் நீட்டி, “இதைக் கொஞ்சம் புடிம்மா” என்றார். ஊசி அதற்குள்தான் இருந்தது.

ஐல்சா பிடித்தாள். ஸ்பிரிங்கை விரலால் மேலே தள்ளி, கேபிளைக் கொக்கியிலிருந்து விடுவித்து, ஸ்லைடைக் கவிழ்த்தாள். ஊசி உள்ளங்கையில் வந்து விழுந்தது. மெல்லிசு, மஞ்சள் மினுக்கு. நல்ல வேலைப்பாடு என்பதை அவளால் மறுக்க முடியவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மூடி, கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டாள்.

“கம்பெனி ஊசி டிராயர்ல இருக்கு. அதைப் போடுங்க. வண்டி இருமும், புகை விடும், எல்லாரும் தாண்டிப் போவாங்க. ஆனா இவன் திரும்பி வருவான்.”

“குடுத்துடும்மா,” என்றார் விக்டர். குரலில் அதட்டல் இல்லை. அது அவளுக்கு அதட்டலைவிடக் கஷ்டமாக இருந்தது. “அந்த மாதிரி இன்னொண்ணு என்னால முடியாது.”

“தெரியும்ப்பா. அதான் எடுத்தேன்.”

கைல் எழுந்து வந்து அவள் முன்னால் நின்றான். அவளைவிட ஒரு தலை உயரம். கையை வைப்பானோ என்று ஒரு கணம் நினைத்தாள். வைக்கவில்லை.

“எடுத்துட்டுப் போனா இனிமே இந்தப் பக்கம் வராத. உன் தம்பின்னு யாரும் இல்ல.”

அப்பா பிளக்கைத் துடைத்த அந்த நொடியிலேயே அவள் இதையும் கணக்கில் சேர்த்துவிட்டாள். திட்டுகிற தம்பி, பேசாத தம்பி, வாசலில் விடாத தம்பி, எல்லாம் உயிரோடு இருக்கிற தம்பிதான்.

ஸ்லைடை ஆணியில் மாட்டினாள். கையில் ஒட்டிய பெட்ரோலைக் கோட்டிலேயே துடைத்துக்கொண்டாள்.

“காலை மடக்குங்க, சித்தப்பா,” என்றாள்.

நார்மன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் குனிந்து கார்புரேட்டரைத் துடைத்தார். நார்மன் காலை மடக்கினார். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு மழைக்குள் இறங்கி நடந்தாள்.