இன்ஸ்பெக்டர் கடித்த கை

பஞ்சு இரண்டாவது தடவையும் சிவந்துவிட, மகள் அப்பாவின் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கூண்டுக்குள் கிளி கழுத்துச் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு அவர்களையே பார்த்தது.

"விடும்மா, சின்னக் காயம். இன்ஸ்பெக்டருக்கு இன்னைக்கு மூடு சரியில்ல."

வருகிறவர்களையெல்லாம் "யாரு? யாரு?" என்று அதட்டுவதால் கிளிக்கு அந்தப் பெயர். ஆறு வருடமாக அப்பாவின் தோளில் வளர்ந்தது. சலூனிலிருந்து அவர் திரும்பியதும் காலரில் ஒட்டிய முடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கும். ஊரையே கடித்தாலும் அவரைக் கடிக்காது. இந்த இரண்டு வாரமாகத்தான் இப்படி.

"செல்லம் கொடுத்தீங்கல்ல, அனுபவிங்க," என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து.

மகள் பால்கனிக்குப் போய்ப் பறவை மருத்துவரைப் போனில் அழைத்தாள்.

"அதட்டாதீங்க. கையை வெடுக்குன்னு இழுக்காதீங்க. கடிச்சா கை விலகிடும்னு அது கத்துக்கும். கொஞ்ச நாள் குச்சியில ஏத்திப் பழக்குங்க," என்றார் அவர். "வீட்டுல எதாவது மாறியிருக்கா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"எந்தக் கையைக் கடிக்குது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பா இடது கையால் தானியம் நீட்டிக்கொண்டிருந்தார். கிளி பதவிசாக எடுத்துக்கொண்டது. பிளாஸ்திரிகள் நான்கும் வலது கையில் இருந்தன.

"வலது."

"அந்தக் கை நடுங்குதான்னு பாருங்க. நிக்கிற இடம் ஆடினா, கிளி அலகாலதான் பிடிச்சுக்கும்."

அவள் உள்ளே வந்தாள். "அப்பா, வலது கையை நீட்டுங்க."

"என்ன, ரேகை பாக்கப் போறியா?" சிரித்தபடி நீட்டினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், இல்லாத கத்தரிக்கோலைத் திறந்து மூடுவதுபோல், தாமாகவே அசையத் தொடங்கின. அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"எத்தனை நாளா?"

"இருபது நாள் இருக்கும். சவரத்தையெல்லாம் கூட்டாளி பாத்துக்கறான்." குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தருக்குக் காதோரம் கீறிடுச்சு. கொஞ்சம்தான். அவருக்கே தெரியல."

"கிளம்புங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நாளைக்குக் காலையில போலாம்மா. லீவு நாள், இன்னைக்கு ஒரு நாள் வீட்டுல கிடக்கறேன். அம்மாகிட்ட மூச்சு விடாதே."

அவர் அவளிடம் எதையும் கேட்டுப் பழகியவரில்லை. கையை மடிக்குள் வைத்து மறைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"சரி. காலையில எட்டு மணிக்கு."

அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது கிளியின் கத்தல் கேட்டது. "யாரு? யாரு?" வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மீதித் துணிகளையும் எடுத்து மடித்தாள். கத்தல் நிற்கவில்லை. இறங்கி வந்தபோது வாசல் சாத்தியே இருந்தது. அப்பா நாற்காலிக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தார். அவர் வாயின் வலப்பக்கம் இறங்கியிருந்தது. கூண்டுக் கம்பிகளில் தலைகீழாகத் தொங்கியபடி கிளி கத்திக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆறு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. "மூளையில ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. கொஞ்சம் முன்னாடியே..." என்று தொடங்கிய மருத்துவர், அம்மாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை வீட்டில் உட்கார இடமில்லை. அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"உன்கிட்ட ஏதாவது சொன்னாராடி? முடியலன்னு, ஏதாவது?"

சுவரோரம் நின்றிருந்த சலூன் கூட்டாளி தரையைப் பார்த்தார்.

"இல்லம்மா."

"என்கிட்டயும் சொல்லல," என்றாள் அம்மா. "கல்லு மாதிரி இருந்தாரு."

வெளியே பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மடக்கு நாற்காலியை விரிக்கப் போராடிக்கொண்டிருந்தார். மகள் எழுந்து போய் அதன் மறுபக்கக் காலைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் இழுத்தார்கள். துருவேறிய கீல் அசையவில்லை. "வேற எடுத்துக்கலாம், விடும்மா," என்றார் அவர். அவள் இழுத்துக்கொண்டே இருந்தாள்.