பூச்சு காயும் வரை

காருக்கு மேல் பூசுகிற பூச்சைப் பற்றி நிலவன் பேச ஆரம்பித்தபோது புருஷோத்தமன் வேண்டாம் என்றுதான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு அவனே வசதியாக அதை மறந்துவிட்டான்.

நிலவன் ஷோரூமில் விற்பனைப் பையன். இன் பண்ணிய சட்டை, இடுப்பில் அடையாள அட்டை, பேச ஆரம்பித்தால் பச்சைத்தண்ணீருக்கும் கேரண்டி போட்டுக் கொடுத்துவிடுகிற வாய்.

"சார், நம்மது கடலோர ஊரு. உப்புக்காத்து பெயிண்டைச் சும்மா விடாது. இந்தக் கோட்டிங் போட்டுட்டீங்கன்னா மேல கண்ணாடி மாதிரி ஒரு படலம் நின்னுடும். காக்கா எச்சம், மழைத்தண்ணி, சேறு, எதுவுமே ஒட்டாது."

"கம்பெனியிலயே பெயிண்ட் அடிச்சிதான குடுக்குறாங்க? அதுக்கு மேல இன்னொண்ணு எதுக்கு?" என்று கேட்டாள் கலைமகள். புருஷோத்தமனின் மனைவி, கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பைத் திருப்பிப் பார்த்துதான் வாங்குவாள்.

"பாதுகாப்புக்குத்தான் மேடம்."

"எங்கப்பா ஸ்கூட்டர்ல துரு அடியிலேருந்துதான் புடிச்சிது. மேல பூசினா அடியில எப்படித் தம்பி காப்பாத்தும்?"

"அடிப்பக்கத்துக்குத் தனி கோட்டிங் இருக்கு மேடம்" என்று சொல்லி அவன் கொஞ்சமும் கூச்சப்படாமல் அடுத்த காகிதத்தை எடுத்து வைத்தான்.

புருஷோத்தமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரையொட்டிய மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அவன் சூப்பர்வைசராக இருக்கும் கம்பெனியிலும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். ஷோரூமில் போடுவதை வெளியில் பாதி விலைக்குப் போட்டுக்கொள்ளலாம், போடாமலே விட்டாலும் வண்டி கரைந்துவிடாது என்று. அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துகூட விட்டான்.

"போடுறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க சார். ஏன்னா, பூசினதுலேருந்து ஒரு வாரம் வண்டி மேல தண்ணி படக்கூடாது. மஞ்சள், சந்தனம், குங்குமம் எதுவும் வைக்கக் கூடாது. காயறதுக்குள்ள வச்சா கறை உள்ளயே தங்கிடும். பூசை போடுறவங்களை ஒரு வாரம் கழிச்சிப் போட்டுக்கச் சொல்லிடுவோம்."

புருஷோத்தமன் மறுபடி உட்கார்ந்தான்.

"போட்டுடுங்க" என்றான்.

கலைமகள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். காம்பைத் திருப்பிப் பார்க்கிறவளுக்குக் காரணம் தெரியாமலா இருக்கும்?

காரணத்தின் பெயர் தையல்நாயகி. அவனுடைய அக்கா. மில் மூடி அப்பா வீட்டோடு முடங்கிய வருஷம், பெரிய மார்க்கெட்டில் கீரைக்கட்டோடு போய் உட்கார்ந்தவள். கீரை காய்கறிக் கடையாயிற்று, அந்தக் கடை தம்பியை டிப்ளமா படிக்க வைத்தது. கல்யாணமாகிப் போன பிறகும் கடையை விடவில்லை. புருஷன் செத்த பிறகும் காரியம் முடிந்ததும் அங்கேதான் வந்து உட்கார்ந்தாள். உட்காராமல் இருந்திருந்தால் புருஷோத்தமன் இன்றைக்கு யாருடைய வண்டியையாவது துடைத்துக்கொண்டிருப்பான். அது அவனுக்கும் நன்றாகத் தெரியும்.

அதனால்தான் காருக்கு முன்பணம் கட்டிய அன்றைக்கே நேராக மார்க்கெட்டுக்குப் போய், நாலு பேர் காதில் விழும்படி, "அக்கா, வண்டிக்கு மொதப் பொட்டு நீதான் வைக்கணும்" என்று சொல்லியிருந்தான்.

"போடா பைத்தியக்காரா. நான் வைக்கலாமா? கலைமகளை வைக்கச் சொல்லு" என்றாள் அவள்.

"நீ வைக்கலன்னா நான் வண்டியே எடுக்கல."

அக்கா அவரைக்காயை அடுக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே ஒழுங்காக இருந்த அவரைக்காய். அன்று சாயங்காலத்துக்குள் மார்க்கெட்டில் அந்த வரிசை முழுவதற்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

பிறகு மாமியார் பாக்கியலட்சுமி போன் செய்தாள். "மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அக்கா தங்கமான மனுஷி, இல்லேங்கல. ஆனா இது புது வண்டி, புள்ள போவப்போற வண்டி. அவங்க கை மொதல்ல படலாமா? ரோட்டுல ஆயிரம் இருக்கு."

அந்த இடத்தில் போனை வைத்திருக்கலாம். 'அந்தக் கைதான் எனக்குச் சோறு போட்டிச்சு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கம்பெனி கேன்டீனில் மூடநம்பிக்கையைக் கிழிகிழி என்று கிழிக்கிறவன்தான். ஆனால் "பாக்கலாம் அத்தை" என்றான். நம்பிக்கை என்று அவனுக்கு எதுவும் கிடையாது. பயம் மட்டும் இருந்தது. மகள் கவிநிலா பின்சீட்டில் இருப்பாள், எதிரில் ஒரு லாரி வரும், அப்படி ஒரு படம் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு போக மறுத்தது.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று மருகிக்கொண்டிருந்தவனுக்குத்தான் நிலவன் வழி காட்டினான். காசு கொடுத்து வாங்கக்கூடிய வழி.

அன்றே அக்காவுக்குப் போன் போட்டான். கோட்டிங், படலம், கறை என்று எல்லாவற்றையும் விளக்கினான். அவள் முழுசாகக் கேட்டுக்கொண்டாள்.

"அடேயப்பா, கண்ணாடி மாதிரியா? சரிடா, நல்லாக் காயட்டும். ஒரு வாரம் என்ன ஓடியா போவுது? அடுத்த வெள்ளிக்கிழமை வந்து வைக்கிறேன்."

இவ்வளவு சுலபமா என்று இருந்தது. அன்று இரவு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான். ஒரு வாரத்துக்குள் மாமியாரைச் சரிக்கட்டிவிடலாம், வெள்ளிக்கிழமை அக்காவையும் வைக்கச் சொல்லிவிடலாம், யாருக்கும் நோகாது என்று ஒரு கணக்கு. எல்லாருக்கும் நல்லவனாக இருக்க நினைக்கிறவன் போடுகிற கணக்கு.

வண்டி எடுக்கிற அன்று ஷோரூம் வாசலில் பாக்கியலட்சுமி தாம்பாளத்தோடு இறங்கினாள். மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம், பூசணிக்காய், ஒன்று பாக்கியில்லை.

"அத்தை, ஒரு வாரத்துக்குப் பொட்டு வைக்கக் கூடாதாம். கோட்டிங் போட்டிருக்கு" என்றான் புருஷோத்தமன். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"நல்லா இருக்கே! பொட்டு வைக்காம மொட்டையாவா வண்டிய எடுப்பாங்க?"

அவன் நிலவனைப் பார்த்தான். கறை உள்ளேயே தங்கிவிடும் என்று பயமுறுத்திய அதே நிலவன், படம் எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தபடி, "பரவால்ல சார், வச்சிக்கட்டும். உடனே தொடச்சிடலாம். எல்லாரும் இப்படித்தான் செய்யறாங்க" என்றான்.

எல்லாரும் என்றால் எல்லாரும்தான். பாக்கியலட்சுமி மஞ்சளைக் குழைத்து பானெட்டின் நட்டநடுவில் மூன்று பெரிய பொட்டாக வைத்து, மேலே குங்குமத்தை அழுத்தினாள். 'வேண்டாம் அத்தை, அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்' என்பது அவன் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. கற்பூரம் காட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், எலுமிச்சம்பழம் நசுங்கியது. கவிநிலா படம் எடுத்துத் தன் ஸ்டேட்டஸில் போட்டாள். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்?

"உங்க அக்கா பாத்துட்டா?" என்று இரவு கேட்டாள் கலைமகள்.

"அக்காகிட்ட பட்டன் போன்தான்" என்றான். அந்த அற்ப சமாதானம் விடியும்வரைகூடத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையாயிருந்தும் எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனான்.

அக்கா ஒரு அம்மாவுக்குக் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கடை அமிர்தவல்லிதான் முதலில் நிமிர்ந்தாள். "வாங்க கார்க்காரரே" என்றாள். அந்தக் குரலிலேயே அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"அக்கா, அது வந்து... அத்தை அவங்களா வச்சிட்டாங்க..."

"பாத்தேன்டா. அமிர்தவல்லி அவ போன்ல காட்டுனா."

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள் அமிர்தவல்லி. "கோட்டிங்குமில்ல ஒண்ணுமில்ல, தாலியறுத்தவ கை படக் கூடாதுன்னு பாக்குறாங்கன்னு. அதுக்கு உங்க அக்கா என்கிட்ட சண்டைக்கே வந்திச்சு. என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லன்னு சொல்லிட்டு, மூஞ்சி குடுத்துப் பேசல என்கிட்ட."

"நீ சும்மா இரு அமிர்தம்" என்றாள் அக்கா. கத்தரிக்காய்க்குச் சில்லறை கொடுத்து அனுப்பினாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். அழுத முகமாக இருந்தால் சமாளித்திருப்பான். களைத்த முகமாக இருந்தது.

"நானே வேணாம்னுதானடா சொன்னேன்? நீதான் வந்து ஆசை காட்டுன. ஆசையாத்தான் இருந்திச்சு, பொய் சொல்லுவானேன். அப்பறம் வேணாம்னா, அக்கா நீ வைக்க வேணாம்னு நேரா சொல்லிட்டுப் போயிருக்கலாம். சரின்னுருப்பேன். கோட்டிங்னு நீ சொன்னதை நான் நம்பி, ஊரு பூரா சொல்லி வச்சிருக்கேன்."

"இப்ப வாக்கா. வண்டி வெளியதான் நிக்கிது. உன் கையால வை."

"வேணாம்டா. இனிமே நான் வச்சா அது உனக்காக வைக்கிறதா இருக்காது. இவங்க பாக்குறதுக்காக வைக்கிறதா இருக்கும்."

கடை கட்டும்வரை நின்றான். தராசைத் தூக்கி வைத்தான், சாக்கைக் கட்டினான். மத்தியானம், "உப்பளத்துல உன் வீட்டுலயாவது கொண்டாந்து விடறேன்க்கா" என்றான். மார்க்கெட்டில் இத்தனை பேர் பார்க்கத் தம்பி அழுதுவிடுவானோ என்றுதான் அவள் சரி என்றிருக்க வேண்டும்.

வண்டி வெயிலில் பளபளவென்று நின்றது. பானெட்டின் நடுவில் மட்டும் மூன்று இடத்தில் மஞ்சள் அப்படியே இருந்தது. துணி போட்டுத் துடைத்தும் போகாத மஞ்சள். நிலவன் சொன்ன அத்தனையிலும் அது ஒன்றுதான் உண்மை.

அக்கா அதைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "போவலியாடா?"

"போவலக்கா."

அவன் முன்சீட்டைக் காட்டினான். அவள் பின்கதவுப் பக்கம் போய் நின்றாள். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். ஒருமுறை துடைத்தது போதாமல் மறுபடியும் துடைத்தாள்.

"எதை எதைத் தொடக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லிடுடா" என்றாள்.

குத்திக்காட்டியிருந்தால் பரவாயில்லை. அவள் நிஜமாகவே கேட்டாள். கோட்டிங் என்று இவன் சொன்னதை நம்பினாளே, அதே வெள்ளை மனசோடு கேட்டாள். கதவைத் திறந்து பிடித்தான்.

பையை மடியில் வைத்து, இரண்டு கையையும் அதன்மேல் மடக்கிக்கொண்டு அவள் உட்கார்ந்து வந்தாள். புருஷோத்தமன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினான். ரயில்வே ஸ்டேஷன் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. அக்கா ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். அப்போதும் அவள் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.