அக்கா போட்ட எடை

முதுகுத்தண்டின் அடியில் ஆணி இறங்கியதுபோல் வலி. கருத்தரங்கக் கூடத்து பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு மூட்டை தூக்கித் தேய்ந்த அதே இடம். எனக்கு உட்கார்ந்தே தேய்ந்துவிட்டது. சொன்னால் சிரிப்பார்.

மேடையில் அக்கா பேசிக்கொண்டிருந்தாள். கூடப்பிறந்தவள் இல்லை. இந்த ஆய்வு நிலையத்தில் நான் சேர்ந்த நாளிலிருந்து என்னைத் தாங்கியவள், அதனால் அக்கா. எங்கள் வேலை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பெரிய கிரகம் தன் நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போது வெளிச்சம் நூற்றில் ஒரு பங்கு குறையும். அந்தக் குறையைத் தேடிப் பிடிப்பது நான். நட்சத்திரம் எவ்வளவு தள்ளாடுகிறது என்று அளந்து கிரகத்துக்கு எடை போடுவது அக்கா. எடை தெரியாதவரை அதைக் கிரகம் என்று ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கட்டுரையில் முதல் பெயராக என் பெயர் போட்டு ஒரு கிரகமாவது இந்த வருடம் வராவிட்டால் என் வேலை போய்விடும்.

திரையில் அடுத்த படம் வந்தது. வெளிச்சக்கோடு சட்டென்று இறங்கி, தட்டையாக ஓடி, ஏறியது. நட்சத்திரத்தின் எண்ணைப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. நான் பிடித்தது அது. போன வருடம் எடை போடக் கொடுத்தபோது அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "கிரகமும் இல்ல ஒண்ணும் இல்லடி. ரெண்டு நட்சத்திரம் ஒண்ணை ஒண்ணு மறைக்குது. தூக்கிப் போட்டுட்டு அடுத்ததப் பாரு." தூக்கிப் போட்டேன். அவள் சொன்னதை நான் ஒருநாளும் சரிபார்த்ததில்லை.

புதிய கிரகம் என்று சொல்லி அதன் எடையையும் அறிவித்தாள் அக்கா. கூடம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

வெளியே கை கழுவும் இடத்தில் அவளைப் பிடித்தேன்.

"ரெட்டை நட்சத்திரம்னு சொன்னீங்களேக்கா."

"அப்ப அப்படித்தான் தெரிஞ்சுது. மேகம் வேற. திரும்ப எடுத்தப்பதான் சரியா வந்துச்சு."

"திரும்பன்னா, எப்ப?"

குழாயை மூடினாள், திறந்தாள். "நாலஞ்சு மாசம் இருக்கும்."

"தினம் என்கூடத்தான சாப்பிட்டீங்க."

"சொல்லணும்னுதான்டி இருந்தேன். டைரக்டர் காதுக்குப் போனதும் கட்டுரைக்கு அவரே ஆளுங்களப் போட்டுட்டாரு. நான் என்ன செய்ய? நன்றி சொன்ன பக்கத்துல உன் பேரு இருக்கு, பாத்தியா?"

"பாத்தேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவருக்கு அடுத்தாப்புல."

சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் எரிந்தது.

"கோச்சுக்காத" என்றாள், ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி. "நீ எடுத்த பழைய பதிவெல்லாம் அனுப்பி வை. வெளிச்சம் குறையிற பள்ளம் நாங்க புதுசா எடுத்ததுல ஒண்ணுதான் தேறிச்சு. எடைய வச்சுக்கிட்டு என்ன பண்றது? பள்ளத்தோட ஆழத்த வச்சு கிரகம் எம்மாம் பெருசுன்னு தெரிஞ்சாத்தான கட்டுரை நிக்கும்."

அறைக்கு வந்து அந்தப் பதிவுகளைத் திறந்தேன். மூன்று பள்ளங்கள், ஒன்றுபோல் மூன்று, திரையில் வரிசையாகக் கிடந்தன. கதவுக்கு வெளியே யாரோ அக்காவுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். கைபேசி அதிர்ந்தது. 'அனுப்பிட்டியாடி?'

நாங்கள் சேர்ந்து கண்டுபிடித்த முதல் கிரகத்தின் கட்டுரையிலேயே என் பெயர்தான் முன்னால் வந்திருக்க வேண்டும். பதவி உயர்வு நெருங்குது, இது எனக்கு, அடுத்தது உனக்கு என்றாள். விட்டுக்கொடுத்தேன்.

பதிவுகளை அனுப்பாமல் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அக்கா எனக்கு ஒரு கிரகம் பாக்கி.